உப்பில்லாத மார்ச்

மார்ச் 3, செவ்வாய்

பேத்தி இன்றைக்கு வேலை செய்யும் இடத்திலிருந்து பேனா மாதிரி ஒன்றைக் கொண்டு வந்தாள். ஊருக்குக் குழாயில் விடுகிற தண்ணீரைச் சோதிக்கிற இடத்தில் அவளுக்கு வேலை. அந்தப் பேனாவைத் தண்ணீரில் முக்கினால் அதன் முதுகில் ஒரு எண் வருகிறது. குழாய்த் தண்ணீருக்குப் பெரிய எண். சமையலறை ஃபில்டர் தண்ணீருக்குச் சின்ன எண். இரண்டு டம்ளரையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இதிலும் ஒன்றும் இல்லை, அதிலும் ஒன்றும் இல்லை.

"என்னத்தைடி எண்ணுது இது?"

"கரைஞ்சதை, பாட்டி. உப்பு, சுண்ணாம்பு, எல்லாம்."

"கரைஞ்சு போச்சுன்னா போனதுதானே?"

"எங்கயும் போகாது. உப்புங்கிறது ரெண்டு பேர் இறுக்கிப் பிடிச்சுட்டு நிக்கிற மாதிரி. தண்ணி நடுவுல புகுந்து ஆளுக்கொரு பக்கமா இழுத்துட்டுப் போயிடும். ரெண்டு பேரும் உள்ளேயேதான் இருப்பாங்க. ஒருத்தரை ஒருத்தர் ஒட்ட மாட்டாங்க, அவ்வளவுதான்."

நான் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவள். அங்கே எது கரைந்தாலும் கண்ணுக்குத் தெரியும். சிவப்பென்றால் சிவப்பு. இவள் சொல்கிற மாதிரி இருந்துகொண்டே இல்லாமல் இருக்கிற சமாச்சாரம் எனக்குப் பிடிபடவில்லை. தலையை ஆட்டி வைத்தேன்.

மார்ச் 4, புதன்

நேற்று ஒரு தட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். இன்றைக்குத் தண்ணீர் இல்லை. வெள்ளையாகப் பொருக்கு மட்டும். அப்படியானால் அந்த இரண்டு பேரும் மறுபடியும் ஒட்டிக்கொண்டார்களா? யார் முதலில் போனது? பேத்தி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

மார்ச் 6, வெள்ளி

மகனும் மருமகளும் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். பிரஷராம். புது மாத்திரை எழுதினார். "உப்பைக் குறைங்க, தண்ணி நல்லா குடிங்க" என்றார்.

மருமகள் அங்கேயே, அவர் முன்னாலேயே சிரித்தாள். "எங்க அத்தையாவது உப்பை விடுறதாவது! ஒரு நாள் தாங்க மாட்டாங்க டாக்டர்."

டாக்டரும் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை, ஆனால் வாயைத் துடைத்துக்கொண்டான். எனக்குத் தெரியாதா அது எதற்கென்று.

குறைக்கச் சொன்னார் டாக்டர். நான் குறைக்கப் போவதில்லை. விடப் போகிறேன். ஒரு கல் உப்பு என் நாக்கில் படாது. பார்க்கட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

அடுத்த மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மகன் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "சித்தியும் வருவாங்கம்மா. ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சு. இந்தத் தடவையாவது பேசேன்" என்றான்.

இவனுக்குத் தெரியாது என்பதற்காக இல்லை, எனக்காக மறுபடியும் எழுதுகிறேன். இவனை நான் பெற்றுப் போட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம்தான் அம்மா செத்தாள். தங்கச்சி பக்கத்தில் இருந்தாள். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. எல்லாம் முடிந்து, மண்ணைப் போட்டு மூடி, வீட்டைக் கழுவிவிட்ட பிறகு வந்து நின்றாள். சாம்பல் நிறப் புடவை, வலது கால் செருப்பில் வார் அறுந்திருந்தது. "பிள்ளை பெத்த உடம்பு, தாங்காதுன்னு சொல்லலைக்கா" என்றாள். என் அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய இவள் யார்?

அன்றைக்கு நிறுத்திய பேச்சு. எத்தனை கல்யாணம், எத்தனை சாவு. அவள் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. அவள் போன் நம்பர் மட்டும் எனக்கு மனப்பாடம். கூப்பிட இல்லை. தப்பித் தவறி எடுத்துத் தொலைக்கக் கூடாதே என்று.

என்னிடம் நகை கிடையாது, நிலம் கிடையாது. எதையும் மறக்க மாட்டேன், அது ஒன்றுதான் என் சொத்து. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று இந்த வீட்டில் சண்டை வந்தால் என்னிடம்தான் வருவார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

உப்பில்லாமல் அவித்த முட்டை. மருமகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றேன்.

மார்ச் 13, வெள்ளி

சோற்றிலும் இல்லை, காயிலும் இல்லை. எல்லாம் ஈரத் துணியை மெல்லுகிற மாதிரி இருக்கிறது. அதைச் சொல்வேனா? தண்ணீர்தான் துணை. ஜாடியில் ஊற்றிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன். காலியானால் மறுபடி.

மருமகளுக்கே இப்போது உறுத்துகிறது போல. "கொஞ்சமா போட்டுக்கோங்க அத்தை. டாக்டர் சுத்தமா விடச் சொல்லலையே" என்றாள்.

"சிரிக்கிறப்ப அது தெரியலையா?" என்றேன்.

உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இதைவிடவா உப்பு ருசி?

தலை மட்டும் கொஞ்சம் வலிக்கிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

பக்கத்து வீட்டுக்காரி வந்திருந்தாள். தையல்காரனைப் பற்றிப் பேச்சு வந்தது. மகன் கல்யாணத்துக்கு அவன் தைத்துக் கொடுத்த ரவிக்கையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. முகூர்த்த போட்டோ முழுக்க நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பேன். இதை நான் நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். இன்றைக்குச் சொல்ல ஆரம்பித்து ரவிக்கை நிறத்தில் நின்றுவிட்டேன். பச்சையா? பச்சை இல்லை. என்ன நிறம்?

பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள். "அரக்குன்னு சொல்லுவீங்களே."

ஆமாம், அரக்கு. அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு இல்லை.

பயமாக இருந்தது. ஒரு ஜாடி குடித்தேன்.

மார்ச் 18, புதன்

அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேனாம். பாத்திரம் கருகிப் புகை வந்ததாம். நான் அடுப்புப் பக்கமே போகவில்லை. போனேனா? சட்டியைக் காட்டினார்கள். கருப்பாகத்தான் இருந்தது.

மகன் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். "வயசாகுதும்மா. தலைக்குப் பார்க்கிற டாக்டர்கிட்ட நேரம் கேட்டிருக்கேன். அடுத்த மாசம்தான் கிடைச்சுது" என்றான். என் கையைப் பிடித்திருந்தான். சின்ன வயசில் சாலை தாண்டும்போது நான் அவன் கையைப் பிடிப்பேன், அந்த மாதிரி.

மருமகள் அடுப்புத் திருகுகளைக் கழற்றி எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள். என் வீட்டு அடுப்பு. நான் வாங்கின அடுப்பு. திட்ட வேண்டும் என்று எழுந்தேன். கால் பஞ்சு மாதிரி இருந்தது. திட்ட வார்த்தை வரவில்லை. எனக்கு!

மார்ச் 12

இல்லை. 21. சனி. பேத்தி சொன்னாள்.

என் கண்ணாடியை எடுத்து எடுத்து ஒளிச்சு வைக்கிறா. மருமகதான். வேற யாரு? கேட்டா மூக்கு மேலயே இருக்குங்கிறா. மூக்கு மேல இருந்தா எனக்குத் தெரியாதா — இருந்துது.

குமட்டுது. சோறு இறங்கலை. தண்ணி மட்டும்.

பேத்தி என்னமோ கேட்டா. யார் பொண்ணு இவ? நல்ல பொண்ணு. கேட்டா தப்பா நினைச்சுக்குமோன்னு கேக்கலை.

திங்கள்

தங்கச்சியோட போன்ல பேசினேன். குரல் அப்படியே இருக்கு. என்னடி பண்றேன்னு கேட்டேன். அக்காவான்னு கேட்டா. பின்ன யாருன்னு சிரிச்சேன்.

அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். நல்லா இருக்காங்களாம். தூங்கிட்டு இருக்காங்களாம். எழுப்பாதேன்னேன். ரொம்ப நாளாச்சே, ஒரு தடவை வாயேன்னு சொன்னேன். வரேன்னு சொன்னா. அழுத மாதிரி இருந்துது. எதுக்கு?

ஏன் இத்தனை நாளா அவகிட்ட பேசலை? ஏதோ இருந்துது. என்னவோ இருந்துது.

தண்ணி நல்லா இருக்கு

மார்ச் 28, சனி

ஆஸ்பத்திரி. பேத்தி இந்த நோட்டைக் கொண்டு வந்து கொடுத்தாள். எழுத்து கோணலாக வருகிறது. ஆனால் இன்றைக்குச் சனிக்கிழமை என்று யாரையும் கேட்காமல் எழுதிவிட்டேன்.

நடந்ததைப் பேத்தி சொன்னாள். எனக்கு அதில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. யாருக்கோ நடந்த மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன் பேசின மறுநாள் காலையில் தங்கச்சி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றாளாம். நான் கட்டிலில் கிடந்தேனாம், எழுப்பினால் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொண்டேனாம். மகன், வயசாகிவிட்டது, மறதி நோயாக இருக்கும், அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறான். தங்கச்சி செருப்பைக்கூடக் கழற்றாமல் சத்தம் போட்டிருக்கிறாள்.

"மறதியாடா? உங்கம்மாவுக்கா? நேத்து என்கிட்ட அன்பா பேசினாடா! 'வாடி'ன்னு கூப்பிட்டா! எங்கக்கா என்னை மன்னிச்சுட்டான்னா உடம்புக்குள்ள ஏதோ பெருசா ஆயிடுச்சுன்னு அர்த்தம். கிளப்பு வண்டியை!"

பேத்தி அவளை மாதிரியே கையை ஆட்டிச் சொல்லிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகுதான் சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது.

ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் உப்பு அடியோடு இறங்கிக் கிடந்ததாம். புது மாத்திரை உப்பை வெளியே தள்ளும். நான் உள்ளே விடவில்லை. அதன் மேல் ஜாடி ஜாடியாகத் தண்ணீர். இங்கே இருக்கிற பெரிய டாக்டர் மகனைப் பிடித்து, மாத்திரை கொடுத்த பிறகு ஏன் ரத்தம் பார்க்கவில்லை என்று கேட்டாராம். அதை அந்தச் சிரித்த டாக்டரைக் கேட்க வேண்டும்.

மார்ச் 29, ஞாயிறு

தண்ணீர் அளந்து கொடுக்கிறார்கள். ஒரு வாய், அதற்கு மேல் கிடையாது. நர்ஸ் டம்ளரைப் பிடுங்காத குறை. ஊசி வழியாக உப்பு ஏறுகிறது, சொட்டுச் சொட்டாக.

"வேகமா விட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே?" என்றேன்.

"ஒரேயடியா ஏத்தினா மூளைக்குக் கெடுதல் பாட்டிம்மா. இறங்கினதுல பாதி ஆபத்து, அவசரமா ஏத்துறதுல மீதி" என்றாள் நர்ஸ்.

இதென்ன கணக்கு? இல்லாததால் வந்த நோய்க்கு இருப்பதைக் கொடுக்கவும் பயப்பட வேண்டுமா?

பேத்தி எனக்காக மறுபடி ஆரம்பித்தாள். உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பைகளாம், ஒவ்வொன்றிலும் உப்புப் போட்ட தண்ணீராம். வெளியே ரத்தம் நீர்த்துப் போனால் தண்ணீர் உப்பு அதிகமாக இருக்கிற பக்கம் ஓடும். பைக்குள்ளே புகும். பை வீங்கும். மற்ற இடத்தில் வீங்கினால் தோல் விரிந்து கொடுக்கும், மண்டை ஓடு விரியாது.

சாயத் தொட்டியில் நாங்கள் உப்பை மூட்டையாகக் கொட்டுவோம். உப்பு இல்லையென்றால் சாயம் தண்ணீரிலேயே நிற்கும், துணியில் ஏறாது. "தலையிலயும் அப்படித்தானா? உப்பு இல்லாம ஞாபகம் ஒட்டலையா?" என்று கேட்டேன்.

"அப்படியும் சொல்லலாம்" என்று இழுத்தாள்.

அப்படியும் சொல்லலாம் என்றால் அப்படி இல்லை என்று அர்த்தம். எனக்கு இந்தப் பெண்ணைத் தெரியும்.

மருமகள் சாயங்காலம் வந்தாள். முட்டையை உரித்து, உப்புத் தொட்டு, என் வாய்க்கு நேரே நீட்டினாள். கண் வீங்கியிருந்தது. "நான் விளையாட்டுக்குச் சொன்னேன் அத்தை. அதுக்காக இப்படியா?" என்றாள். வாயைத் திறந்தேன். முட்டை நன்றாக இருந்தது.

மார்ச் 30, திங்கள்

காலையில் கண் விழித்ததும் அரக்கு ரவிக்கை ஞாபகம் வந்தது. இடது கை குட்டை. அதன் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள், கதவு திறந்துவிட்ட மாதிரி. பட்டறை மேஸ்திரி. என்னைப் பெண் பார்த்த அன்றைக்கு மூக்கைக் குறை சொன்ன நாத்தனார். எல்லோரும் அவரவர் வார்த்தையோடு அப்படியே இருந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. எவ்வளவு சந்தோஷம்!

கடைசியில் சாம்பல் நிறப் புடவை.

திரும்பிப் பார்த்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாளும் அவள் கையால்தான் சாப்பிட்டிருக்கிறேன். அவள்தான் எனக்குத் தலை வாரியிருக்கிறாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் உரிப்பதை நிறுத்தினாள். பிறகு கேட்டாள்: "வந்துடுச்சாக்கா?"

"என்னது?"

"ஞாபகம்."

"வந்துடுச்சு."

"அப்பாடா" என்றாள். உண்மையாகவே அப்பாடா. ஆரஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, பையில் துணியை மடித்து வைக்க ஆரம்பித்தாள். முகத்தில் கோபமும் இல்லை ஒன்றும் இல்லை. வந்த வேலை முடிந்தது என்கிற மாதிரி.

போகட்டும் என்றுதான் நினைத்தேன். அப்போது நோட்டில் அந்தப் போன் பேச்சு எழுதியிருக்கிற பக்கம் கண்ணில் பட்டது.

"அம்மா தூங்குறான்னு சொன்னியாடி?"

மடிப்பதை நிறுத்தினாள். "சொன்னேன்."

"செத்ததை ஒரு தடவை மறைச்சே. போதலைன்னு ரெண்டாவது தடவையும் மறைச்சியா?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றே? நீ குழந்தை மாதிரி கேக்கிறே. 'அம்மா செத்து உன் மகன் வயசு ஆச்சுக்கா'ன்னு போன்ல சொல்லவா? அன்னிக்கும் இதே மாதிரிதான். நீ பச்சை உடம்போட படுத்துட்டு 'அம்மா வரலையா'ன்னு கேட்டு ஆள் மேல ஆள் அனுப்பினே. என்னால வாயைத் திறக்க முடியலை."

"நீ யாருடி முடிவு பண்ண?"

"நான் பண்ணலை."

"பின்ன?"

அவள் பையின் ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மாதான் சொன்னா. 'பெரியவளுக்கு இப்ப சொல்லாதே, பால் வத்திப் போயிடும். அவ கோபப்படுவா, நீ வாங்கிக்கோ'ன்னா."

மார்ச் 31, செவ்வாய்

நம்புவதா வேண்டாமா?

செத்தவள் மேல் பழியைப் போடுவது சுலபம். எழுந்து வந்து இல்லை என்று சொல்ல மாட்டாள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ எங்க பேச விட்டே?" என்கிறாள். "எழுதித் தொலைச்சிருக்கலாமே" என்றேன். "கிழிச்சிருப்பே" என்கிறாள். கிழித்திருப்பேன்தான்.

"நீ வாங்கிக்கோ." அம்மா அப்படித்தான் பேசுவாள். அடுத்தவர் தலையில் ஒன்றை ஏற்றிவிட்டு வாங்கிக்கோ என்பாள். தங்கச்சியால் அதை இட்டுக்கட்ட முடியாது, அவளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. அதுதான் தொல்லை.

அப்படியானால் நான் இத்தனை காலம் யார் மேல் கோபமாக இருந்தேன்? இதை இப்போது யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? அம்மா மேலேயா? பால் வற்றக் கூடாது என்று நினைத்தவள் மேலேயா? இவள் மேல் இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. அம்மா சொன்னால் கேட்டுவிடுவதா? வேறு எதைக் கேட்டாள் இவள்?

இன்னொன்றும் குழப்புகிறது. போனில் "வாடி" என்று கூப்பிட்டவள் யார்? உப்புக் குறைந்ததால் பேசிய பேச்சா அது? பேத்தியைக் கேட்டேன். "உப்பு இறங்கினா அன்பு வருமாடி? அப்ப என் கோபமெல்லாம் வெறும் உப்பா?"

"அப்படியெல்லாம் இல்ல பாட்டி" என்று சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். யோசித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். அடுப்பில் திருகுகள் இருந்தன. மாத்திரையை மாற்றிவிட்டார்கள். உப்பு அளவாக, தண்ணீர் தாகத்துக்கு மட்டும். சிரித்த டாக்டரிடம் இனிப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவரை விடுவதாக இல்லை.

தங்கச்சியும் வந்திருக்கிறாள். ஜிப் ரிப்பேராம், பையை மூட முடியவில்லையாம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மத்தியானம் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். நான் கட்டிலில், அவள் கீழே பாயில். விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அம்மா எப்படிப் போனா? முதல்லேருந்து சொல்லு. ஒண்ணையும் விடாதே."

சொன்னாள். காய்ச்சல் வந்த நாளிலிருந்து. யார் யார் வந்தார்கள், அம்மா யாரைத் திட்டினாள், எந்தப் போர்வை. கடைசி நாள் காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாளாம். பேரன் யார் ஜாடை என்று கேட்டாளாம். பார்க்காமலே, "மூக்கு நம்ம மூக்கா" என்று கேட்டாளாம்.

நடுவில் நான்கு இடத்தில் அவளைத் திருத்தினேன். இருந்தவள் அவள்தான். ஆனால் போர்வை நீலம் இல்லை, அது எனக்குத் தெரியும், அதைத் தோய்த்தவள் நான். "சரி, பச்சை" என்று ஒத்துக்கொண்டாள்.

முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, "கோபமா இருந்த மாதிரிதான்க்கா இருந்துது. உன்னை மாதிரியே" என்றாள்.

ஏப்ரல் 11, சனி

ரத்தம் பார்த்தார்கள். சரியாக இருக்கிறதாம்.

தங்கச்சி காலை பஸ்ஸில் ஊருக்குப் போனாள். ஏறும்போது ஜன்னல் வழியாக, "போய் இறங்கினதும் போன் பண்றேன்க்கா" என்றாள். பஸ் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். வீட்டுக்குப் போய், காலைக் கழுவி, சாப்பிட்டுக்கூட முடித்திருப்பாள். இன்னும் பண்ணவில்லை. போன் வேலை செய்கிறதா என்று மகனிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். செய்கிறதாம்.

வரட்டும், உடனே எடுக்க மாட்டேன். இரண்டு தடவை அடிக்க விடுவேன்.